திருவொற்றியூர் மொட்டை மாடியில் 400 வாட் காற்றாலை: ஓராண்டு அளவீடும் செலவுக் கணக்கும்

2024 பிப்ரவரி கடைசி வாரத்தில், திருவொற்றியூரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 400 வாட் சிறு காற்றாலை ஒன்றை நிறுத்தினேன். மார்ச் 1 முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி 28 வரை, அது தந்த மின்சாரத்தைத் தினமும் இரவு ஒன்பது மணிக்கு மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துவந்தேன். பன்னிரண்டு மாதங்களில் அது தந்தது மொத்தம் 41.4 யூனிட். அதற்கு நான் செலவழித்தது 69,300 ரூபாய். வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பெரும்பாலும் போதும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் இப்படி ஆயிற்று, எங்கே வைத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பதை அறிய விரும்புகிறவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

வாங்கியதற்குக் காரணம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தெருவில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவிலேயே ஓய்ந்துவிட்டது. கீழ்த்தளத்தில் முழங்காலளவு தண்ணீர். மேல்தளத்தில் வயதான அம்மாவுடன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். வானம் முழுக்க மேகம் மூடியிருக்கும் அத்தகைய நாட்களில் சூரியத் தகடு கைகொடுக்காது, ஆனால் காற்று அடிக்கும். எனவே புயல் காலத்துக்கு ஏற்றது காற்றாலைதான் என்று அப்போது என் மனத்தில் பட்டது. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்பவன் நான். நிறுவுவதற்கு வெளியாளைத் தேட வேண்டியதில்லை என்ற துணிவும் இருந்தது.

பொருளைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து இறக்கைகள், நைலான் கலந்த கண்ணாடியிழை. இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 1.3 மீட்டர். நடுவில் நிரந்தரக் காந்தம் பொருத்திய மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர். பின்னால் காற்றின் திசைக்குத் திரும்புவதற்கு ஒரு வால். கூடவே 12 வோல்ட் பேட்டரிக்கான கன்ட்ரோலர். இயந்திரமும் கன்ட்ரோலரும் சேர்த்து 31,500 ரூபாய். விளம்பரத்தில் இந்த விலைதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் இருபதடி ஜி.ஐ. குழாய், அடித்தகடு, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டும் எஃகுக் கம்பி, வெல்டிங் கூலி என்று 15,200 ரூபாய். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 16,000. கேபிள், பிரேக் சுவிட்ச், மீட்டர் எல்லாம் சேர்த்து 6,600. இயந்திரத்தின் விலையைவிடச் சுற்றியுள்ள சாமான்களின் விலை கூடுதல் என்பதை எந்த விற்பனையாளரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்குக் கிடைத்தது நானே நிறுவியதால் கூலி குறைந்த விலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருளின் தயாரிப்புத் தரத்தில் பெரிய குறை சொல்ல மாட்டேன். இறக்கைகள் எடை பார்த்துச் சமன் செய்யப்பட்டிருந்தன. கையால் தொட்டால் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றின. இயந்திரத்தின்மேல் ஒட்டியிருக்கும் முத்திரையில் உள்ள 400 வாட்டும் பொய் இல்லை. ஆனால் அதே முத்திரையில், கண்ணாடி போட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியும் சிறிய எழுத்தில், அந்த 400 வாட் நொடிக்கு 12.5 மீட்டர் வேகக் காற்றில் கிடைக்கும் என்று போட்டிருந்தது. அதை மணிக் கணக்குக்கு மாற்றினால் 45 கிலோமீட்டர்.

இந்த 45 என்ற எண் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் யாருக்கும் புதிதல்ல. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போதெல்லாம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று வானிலை ஆய்வு மையம் அறிவிக்கிறதே, அந்த 45 தான். அதாவது, படகுகளையெல்லாம் கரையில் இழுத்துக் கட்டிவைக்கும் நாளில்தான் இந்த இயந்திரம் தன் முத்திரையில் உள்ள வாட்டைத் தரும். மற்ற நாட்களில் எவ்வளவு தரும் என்று நான் வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மற்ற நாட்களுக்கான கணக்கு கடினமானதல்ல. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும், அதே கணக்கில் குறையும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். எங்கள் ஊர்க் கடற்காற்று சாதாரணமாக நொடிக்கு 4 மீட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முத்திரை வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் மின்சாரமும் மூன்றில் ஒரு பங்கு, 130 வாட்டாவது வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் வருவது சுமார் 13 வாட், ஓர் எல்.இ.டி. பல்புக்கு உரியது. இதில் இயந்திரத்தின் தவறு எதுவுமில்லை. 1.3 மீட்டர் வட்டத்தின் வழியாக அந்த வேகத்தில் கடந்துபோகும் காற்றின் மொத்த ஆற்றலே 50 வாட்தான். அதிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். சிறு இயந்திரங்கள் எடுப்பது பொதுவாகக் கால் பங்குதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இயந்திரம் சுற்றுவது வேறு, சார்ஜ் ஏறுவது வேறு. ஜெனரேட்டரின் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜைத் தாண்டினால்தான் ஒரு சொட்டு மின்சாரமாவது உள்ளே போகும். நொடிக்கு 2.5 மீட்டர் காற்றிலேயே இயங்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்; இயங்கத்தான் செய்தது. மாலையில் மாடிக்கு வரும் உறவினர்கள் அண்ணாந்து பார்த்து, "நல்லா சுத்துதே!" என்று மகிழ்வார்கள். அப்போது கன்ட்ரோலரின் திரையில் ஆம்பியர் 0.0 என்று நின்றிருக்கும். இத்தகைய இயந்திரத்தை வேறொருவர் வீட்டு மாடியில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், இறக்கையைப் பார்க்க வேண்டாம், திரையைப் பாருங்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தோல்வி அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது தெரு. தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும். கிழக்கே, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில், கடந்த பத்தாண்டுகளில் மூன்று அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. கைக்கு அடக்கமான காற்றுவேகமானி ஒன்றை வாங்கிக்கொண்டு, மே மாதத்தில் ஒரு பிற்பகல் கடற்கரைப் பாறைகளின்மேல் நின்று அளந்தேன். நொடிக்கு 5 முதல் 6 மீட்டர் காட்டியது. சைக்கிளை மிதித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்து மாடியில் அளந்தபோது 2.5-க்கும் 3-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. வேகம் பாதி என்றால் ஆற்றல் எட்டில் ஒன்று என்று மேலே சொன்னேன்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். நான் கம்பத்தை நிமிர்த்திய அன்றே மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "காத்து மேல போவுது தம்பி, உன் மாடில இல்ல. அந்தக் கட்டடம் வந்ததுலேர்ந்து எங்க கொடியில துணியே ஆடல" என்றார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாத அளவீட்டைப் பார்த்த பிறகு ஒரு நீண்ட மூங்கிலில் இரண்டடிக்கு ஒன்றாக ரிப்பன் துண்டுகளைக் கட்டி, கம்பத்தோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தேன். கீழேயுள்ள ரிப்பன்கள் ஒரு நொடி கடலைப் பார்த்தன, மறு நொடி தெருவைப் பார்த்தன, பிறகு துவண்டு தொங்கின. இயந்திரம் இருக்கும் இருபதடி உயரத்திலும் அதே கதைதான். வால் இடமும் வலமும் அலைந்துகொண்டே இருந்தது, இறக்கை வேகம் பிடிக்கும் நேரத்தில் திசை மாறி வேகம் செத்தது. மூங்கிலின் உச்சியில், முப்பத்தைந்து அடிக்கு அருகில் இருந்த ரிப்பன் மட்டும்தான் ஓரளவு ஒரே திசையில் நீண்டு நின்றது. காத்தாடி விட்டு வளர்ந்த வட சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் இது கைப்பழக்கத்தில் தெரிந்த செய்தி. மாடி மட்டத்தில் காத்தாடி குத்திக் குத்தி விழும். கட்டடங்களைத் தாண்டி ஏறிய பிறகுதான் நூல் விறைக்கும். சிறுவயதில் அத்தனை முறை பார்த்ததை, பணம் கொடுக்கும்போது நினைத்துப் பார்க்கவில்லை.

சுற்றுவட்டத்தில் நூறு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எந்தத் தடையையும்விட இறக்கை பத்து மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் விதி. எங்கள் தெருவில் அதைக் கடைப்பிடிப்பதென்றால் மாடியின்மேல் ஐம்பதடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்ப வேண்டும். வீட்டுத் தளம் தாங்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது.

மாதவாரியாகப் பார்த்தால் ஜூனில் மிக அதிகமாக 5.6 யூனிட்டும் அக்டோபரில் மிகக் குறைவாக 1.5 யூனிட்டும் வந்தன. கோடையில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று ஏறும் நாட்கள் நல்ல நாட்கள். மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்று மாலை வரை உள்ளே நுழைய முடியாமல் நிற்கும் நாட்களில், அடுக்குமாடிகள் இல்லாத மேற்குப் பக்கத்திலிருந்து ஓரளவு வந்தது. பேட்டரி நிரம்பிவிட்டால் கன்ட்ரோலர் மிச்ச மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கிவிடும் என்பதால், அது ஒருபோதும் நிரம்பாதபடி கூடத்து விசிறியையும் விளக்குகளையும் அந்த இணைப்பிலேயே ஓட்டிவந்தேன். ஆகவே, நானே நிறுத்திவைத்த நேரங்களைத் தவிர்த்துப் பார்த்தால், 41.4 யூனிட் என்பது அந்த இடத்தில் அந்த இயந்திரத்தால் தர முடிந்த அளவு. முத்திரைப்படி ஆண்டு முழுவதும் 400 வாட் ஓடியிருந்தால் 3,504 யூனிட் வந்திருக்கும்; எனக்குக் கிடைத்தது அதில் 1.2 விழுக்காடு. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு மிச்சம் 331 ரூபாய்.

இது என் ஒருவனுடைய அதிர்ஷ்டக் குறைவு அல்ல. இங்கிலாந்தில் வாரிக் சோதனை என்ற பெயரில், கட்டடங்களின்மேல் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை ஓராண்டு அளந்து 2009-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பழுதாகியும் நிறுத்திவைக்கப்பட்டும் கிடந்த நாட்களையும் சேர்த்தால் ஒரு காற்றாலை சராசரியாகத் தந்தது நாளொன்றுக்கு 214 வாட்-மணி, அதாவது யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கும் மோசமான முடிவு தந்தவை நெருக்கமான நகர்ப்புறத்தில் வைத்தவையே.

இனி, நான் எந்த நாளுக்காக வாங்கினேனோ அந்த நாள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே காலையிலிருந்தே காற்று பலமாக இருந்தது. இயந்திரம் அதுவரை காணாத வேகத்தில் சுற்றியது. மாலை ஐந்து மணிக்குள் 0.7 யூனிட் ஏறிவிட்டது, ஓராண்டில் அதுவே உச்சம். ஆனால் ஐந்து மணிக்கு மேல் கம்பம் நடுங்கத் தொடங்கியது. கம்பத்தைப் பிடித்தால் நடுக்கம் முழங்கை வரை ஏறியது. அடித்தகட்டின் ஒரு போல்ட்டைச் சுற்றிச் சிமெண்டில் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது. பறந்து போனால் யார் தலையில் விழும் என்ற பயத்தில் பிரேக் சுவிட்சைப் போட்டு நிறுத்திவிட்டேன். மூன்று ஃபேஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் ஜெனரேட்டரே தடையாக மாறி இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். வேறு எதை விட்டாலும் அந்த சுவிட்சை விடாமல் பொருத்த வேண்டும். காற்று மிதமிஞ்சும்போது நிறுத்தியாக வேண்டும், புயல் கடந்த பின் காற்று இருப்பதில்லை. மின்சாரம் வராமல் நாம் தவிக்கும் நாட்களோ பெரும்பாலும் புயல் கடந்த பிறகு வரும் நாட்கள். 2016 டிசம்பரில் வர்தா மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்தபோது இந்தக் கம்பம் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்கையின் சத்தம் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. பொறுக்க முடியாதது தளத்தின் வழியாக இறங்கும் உறுமல். கம்பத்துக்கு நேர் கீழே அம்மாவின் அறை. காற்றுள்ள இரவுகளில் மாவரைக்கும் கிரைண்டர் பக்கத்து அறையில் ஓடுவது போல ஒரு முனகல் சுவரில் வந்துகொண்டே இருந்தது. அடித்தகட்டின்கீழ் ரப்பர் வைத்தும் பாதிதான் குறைந்தது. ஜூன் மாதத்தில், அதாவது மின்சாரம் நன்றாக வந்த அதே மாதத்தில், பல இரவுகள் அம்மாவுக்காக பிரேக் போட்டேன்.

உப்பு அடுத்தது. வெளிப்புறப் பெயிண்ட் ஐந்தாம் மாதம் கொப்புளித்தது. நட்டுகளின் எஃகு நிறம் மாறியது. ஒன்பதாம் மாதம் பேரிங் கரகரத்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கிரீஸ் சாம்பல் நிறத்தில் மணலாக உருண்டது. கம்பத்தைச் சாய்க்க நான்கு ஆட்கள், புதிய பேரிங், மறுபடி நிமிர்த்தல் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பத்து ஆண்டுகளில் வரக்கூடிய மின்சாரத்தின் விலை ஒரே பழுதில் போயிற்று. விற்றவரைப் பலமுறை அழைத்தேன். இரண்டாவது அழைப்புக்குப் பிறகு எடுக்கவில்லை.

செங்குத்தாகச் சுற்றும் வகையை வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லாத் திசைக் காற்றையும் வாங்கும், சத்தம் குறைவு என்பவை உண்மை. ஆனால் அவர்கள் காட்டிய ஒரு மாடல், 0.9 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், நொடிக்கு 12 மீட்டர் காற்றில் 1,000 வாட் என்றது. அந்தப் பரப்பின் வழியாக அந்த வேகத்தில் போகும் காற்றின் மொத்த ஆற்றலே ஏறத்தாழ 1,080 வாட். பெட்ஸ் எல்லைப்படி அதிகபட்சம் 640. ஆகவே அந்த முத்திரை நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிறது. அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள்.

தமிழ்நாடு காற்றாலைக்குப் பெயர்பெற்ற மாநிலம் என்பதால் நம் வீட்டிலும் வரும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு வரும் காற்றும், அங்கே வானளாவ நிற்கும் கோபுரங்களும் வேறு. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் வெளியிடும் காற்று வரைபடங்களும் 50 மீட்டரில் தொடங்கி அதற்கு மேற்பட்ட உயரங்களுக்கானவை. அந்த வரைபடத்தின் வண்ணத்தை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து கணக்குப் போடக் கூடாது.

தண்டையார்பேட்டையில் என் அக்கா வீட்டில் 2 கிலோவாட் சூரியத் தகடுகள் இருக்கின்றன. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 60,000 ரூபாய் மானியம் கிடைத்தது. கைக்காசு ஏறத்தாழ நான் காற்றாலைக்குச் செலவழித்த அளவே. அது சராசரியாக நாளுக்கு 8 யூனிட் தருகிறது. என் ஓராண்டு மின்சாரம் அங்கே ஐந்தேகால் நாள் வேலை. தெரு மின்சாரம் நின்றால் அந்த இணைப்பும் நின்றுவிடும் என்பது உண்மைதான். அதனால் நான் 2025 மார்ச்சில் 165 வாட் தகடுகள் இரண்டை வாங்கி, அதே பேட்டரியில், சூரியத் தகட்டுக்குரிய தனி கன்ட்ரோலர் வைத்து இணைத்தேன். செலவு 14,500 ரூபாய். வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்கு மேல் வருகிறது. மேகம் மூடிய நாளில்கூட, காற்றாலையின் சராசரியான 113 வாட்-மணிக்குக் குறைந்ததில்லை. புயலுக்கு ஏற்றது காற்றாலை என்ற என் முதல் நினைப்பு இந்த அளவீட்டில்தான் முழுவதுமாக உடைந்தது.

நான்கு பக்கமும் திறந்த வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் மரமோ கட்டடமோ இல்லை, மின்கம்பி வந்து சேரவில்லை, உயரமான கோபுரம் நட இடம் இருக்கிறது என்றால் சிறு காற்றாலை பயன்படும். உப்பளத்துக் காவல் கொட்டகை, இறால் பண்ணை போன்ற இடங்களில், சூரியத் தகட்டுக்குத் துணையாக, இரவுக்கு. அங்கும் 1.3 மீட்டர் இறக்கை வேண்டாம். குறுக்களவு இரண்டு மடங்கானால் மின்சாரம் நான்கு மடங்கு என்பதால் பெரிய இறக்கையையே பாருங்கள். இராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களில் உள்ள வீடுகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்ற மாதம் கம்பத்தை இறக்கி, இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு, சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரையில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வந்து விலை கேட்டார். என் அளவீட்டு நோட்டையும் ரிப்பன் கட்டிய மூங்கிலையும் கொடுத்தனுப்பி, முதலில் கோடையையும் வாடைக் காலத்தையும் அங்கே நிறுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு விலை பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.